சொல்லை விடுத்துப் பாடியவர்கள்: ஒல்லாந்தின் ‘ஃபோகஸ்’ இசைக்குழு

ஒல்லாந்தர் என்ற பெயரைக் கேட்டவுடன் இலங்கைத் தமிழ் மக்களுக்குக் கோட்டைகளும், தோம்பு ஏடுகளும், 1707ஆம் ஆண்டில் ஏட்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஓவியக் கலையில் ஈடுபாடுடையோர்க்கு றெம்பிரான்டும் வெர்மீரும் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் ஒல்லாந்தரின் இசை யாது என்று வினவினால், விடையிறுக்கச் சிறிது தயங்குவோரே பெரும்பாலராவர். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அம்ஸ்டர்டாம் நகரத்துப் பழைய தேவாலயத்தில் ஒர்கன் வாசித்த ஸ்வேலிங்கு என்பார் ஐரோப்பா எங்கும் மதிக்கப்பட்டார். அந்நகரில் 1888ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கொன்செர்ட்கபௌ இசைமண்டபம் உலகப் புகழ் வாய்ந்தது. எனினும் ஜெர்மனியர்க்கு ஒரு பாஹ், ஒஸ்திரியர்க்கு ஒரு மோட்சார்ட் என எடுத்துக்காட்டுவதுபோல் ஒல்லாந்தர்க்கு ஒரு பெயரை எடுத்துக்காட்டுதல் எளிதன்று. பிறர் ஆக்கிய இசையைச் செம்மையாக வாசிப்போர் என்ற பெயரே அவர்களுக்கு மிகுதியும் வாய்த்திருந்தது.

இந்நிலையில், 1970ஆம் ஆண்டளவில், அம்ஸ்டர்டாம் நகரத்து இளைஞர் சிலர் சாஸ்திரீய சங்கீதம், ஜாஸ், றொக் என்னும் மூன்று இசைமரபுகளையும் ஒருங்கிணைத்துத் தமக்கெனப் புதியதோர் இசையை ஆக்கினர். அவர்களுடைய குழுவின் பெயர் ‘ஃபோகஸ்’. ஒளிக்கதிர்கள் வந்து கூடும் குவியத்தை அச்சொல் குறிக்கும். பெயருக்கேற்ப அக்குழுவிலே மூன்று கதிர்கள் எவ்வாறு ஒரு புள்ளியில் வந்து கூடின, பின்னர் எவ்வாறு விலகிச் சென்றன என்பதே இப்பேச்சின் பொருள்.

அக்காலத்துச் சூழ்நிலையை முதலில் அறிதல் நன்று. 1960களிலே பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்கள் ஐரோப்பாவை ஆட்கொண்டபின், இளைஞர் இசையின் மொழி ஆங்கிலமே என்ற நிலை ஏற்பட்டது. டச்சு மொழி பேசுவோர் தொகையிற் சிறியவர். அம்மொழியில் ஒரு பாடல் வெளிவந்தால் நெதர்லாந்தையும் பெல்ஜியத்தின் வடபகுதியையும் தாண்டி அது செல்வதரிது. ஆகவே ஒல்லாந்துக் குழுக்கள் பலவும் ஆங்கிலத்திலேயே பாடின. ‘ஷொக்கிங் புளூ’ என்ற குழுவின் ‘வீனஸ்’ என்னும் பாடல் 1970 பெப்ரவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தையும் பிடித்தது. வெற்றி வாய்த்தது உண்மை. ஆயினும் இரவல் நாவினால் பேசுகின்றோம் என்ற குறை ஒல்லாந்துக் கலைஞர் சிலரின் உள்ளத்தில் இருக்கவே செய்தது.

அதே வேளையில் றொக் இசையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மூன்று நிமிடப் பாடல், நாற்காலச் சதுரத் தாளம், காதலைப் பற்றிய நாலு வரி என்ற எல்லைக்குள் நில்லாது, நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் படைப்புகள் தோன்றின. அவற்றுள்ளே சாஸ்திரீய சங்கீதத்தின் அமைப்பும் ஜாஸ் இசையின் கற்பனைச் சுதந்திரமும் இடம்பெற்றன. இவ்வகை இசைக்கு ‘முற்போக்கு றொக்’ என்று பெயர் வழங்கலாயிற்று. இங்கிலாந்தில் கீத் எமர்சன் என்பாரின் ‘நைஸ்’ குழுவினர் இவ்வழியில் முன்சென்றனர். ஒல்லாந்தில் றிக் வான் டெர் லிண்டன் என்ற பியானோக் கலைஞர் வழிநடத்திய ‘எக்செப்ஷன்’ குழுவினர் 1969ஆம் ஆண்டில் பேதோவனின் ஐந்தாம் சிம்பனியை மின்வாத்தியங்களுக்கும் ஊதுகருவிகளுக்கும் ஏற்ப அமைத்து வாசித்துப் பெரும் புகழ் பெற்றனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. முன்னோர் ஆக்கிய மெட்டை எடுத்து அதற்குப் புதிய உடை அணிவித்தால் அது புதிய இசையாகுமா? எக்செப்ஷன் குழுவினரின் திறமை ஐயத்திற்கு இடமற்றது. பேதோவனை ஒருநாளும் கேட்டிராத இளைஞர் பலரை அவர்பால் ஈர்த்த பெருமையும் அவர்களைச் சாரும். ஆயினும் அவ்வழியில் மெட்டு பேதோவனுடையதாகவே நிற்கின்றது. மேளமும் தாளமும் மாத்திரம் இக்காலத்தனவாகின்றன. ஃபோகஸ் குழுவினர் வேறொரு வழியை மேற்கொண்டனர். பழைய மேதைகளிடமிருந்து மெட்டைவிட முறையையே அவர்கள் மிகுதியாகக் கற்றனர். சாஸ்திரீய சங்கீதம் அவர்களுக்கு அணியாக அமையாது இலக்கணமாக அமைந்தது.

இதற்குக் காரணமாயிருந்தோர் இருவர். ஒருவர் தைஸ் வான் லேர். மற்றவர் யான் அக்கர்மான். இருவரும் அம்ஸ்டர்டாம் நகரத்தவர். வயதில் ஒன்றேகால் ஆண்டு வித்தியாசமே உடையவர். ஆயினும் இசைக்கு அவர்கள் வந்து சேர்ந்த பாதைகள் வெவ்வேறானவை.

வான் லேர் 1948 மார்ச் மாதம் 31ஆந் திகதி பிறந்தவர். அவருடைய தந்தையார் சாஸ்திரீய சங்கீதத்திலே தேர்ந்த புல்லாங்குழற் கலைஞர். மகனும் புல்லாங்குழலையும் பியானோவையும் முறையாகப் பயின்றார். பல்கலைக்கழகத்திலே கலை வரலாறும் கற்றார். 1960களின் பிற்பகுதியில் றம்ஸஸ் ஷாஃபி என்ற புகழ்பெற்ற பாடகரும் நடிகருமானவரின் அரங்கக் குழுவில் சேர்ந்து பணியாற்றினார். ஆகவே பாஹ் மரபின் ஒழுங்கும், நாடக மேடையின் நகைச்சுவையும் ஒருசேர அவரிடத்தே அமைந்திருந்தன.

அக்கர்மான் 1946 டிசெம்பர் 24ஆந் திகதி பிறந்தவர். பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் மகன். இளமையிலேயே கிற்றார் வாத்தியத்தைக் கையிலெடுத்து, நடன மண்டபங்களில் வாசிக்கும் குழுக்களின் வாயிலாக வளர்ந்தவர். ‘ஹன்டேர்ஸ்’ என்ற குழுவிலும், பின்னர் ‘பிறெயின்பொக்ஸ்’ என்ற குழுவிலும் வாசித்துப் பெயர் பெற்றார். மின்கிற்றாரின் முழக்கத்தில் வல்லவராயிருந்த அதே வேளையில், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அரண்மனைகளில் ஒலித்த லூட் என்னும் நரம்பு வாத்தியத்தின்பாலும் அவர் பெருங்காதல் கொண்டிருந்தார். வெடிமுழக்கத்தையும் மென்மையையும் ஒரே கையினால் வழங்கவல்ல கலைஞர் அவர்.

1969ஆம் ஆண்டிலே வான் லேர், பேஸ் கிற்றார் வாசித்த மார்ட்டைன் டிரெஸ்டன், டிரம் வாசித்த ஹான்ஸ் கிளூவர் ஆகிய மூவரும் ஒரு சிறு குழுவாக இயங்கிவந்தனர். அவ்வாண்டின் இறுதியளவில் அக்கர்மான் அவர்களோடு வந்து சேர்ந்தார். அப்பொழுது ‘ஹெயர்’ என்னும் அமெரிக்க இசைநாடகம் ஒல்லாந்தில் மேடையேற்றப்பட்டது. அதற்குப் பின்னணி இசை வழங்கும் பணி இந்நால்வர்க்கும் கிடைத்தது. இரவுதோறும் மேடைக்குக் கீழே அமர்ந்து ஒரே இசையை வாசிக்கும் தொழில், தனித்தொரு வழி தேடுவோர்க்கு நிறைவளிப்பதன்று. ஆனால் நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசிக்கும் பயிற்சியை அது அவர்களுக்கு அளித்தது.

1970ஆம் ஆண்டில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலே ஆங்கிலப் பாடல்கள் பல இடம்பெற்றன. அவை கேட்கத் தக்கனவே. ஆயினும் அக்காலத்து ஏனைய குழுக்களின் பாடல்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிதல் அரிது. அக்கர்மான் இயற்றிய ‘ஹவுஸ் ஒஃப் த கிங்’ என்ற சிறு படைப்பே தனித்து நின்றது. சொல்லே இல்லாத அப்படைப்பிலே வான் லேரின் புல்லாங்குழல் துள்ளிக் குதித்து ஓடுகின்றது. ஒல்லாந்து மக்கள் அதனை விரும்பிக் கேட்டனர். வேற்று நாட்டார் பலர் அதனைப் புல்லாங்குழலுக்குப் பெயர்பெற்ற ‘ஜெத்றோ டல்’ என்ற ஆங்கிலக் குழுவின் ஆக்கமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். சொல்லை விட்டபொழுதுதான் தமது குரல் தமக்குக் கிடைக்கின்றது என்ற உண்மையை இவ்வெற்றி அவர்களுக்குப் புலப்படுத்தியிருக்க வேண்டும். ஏனெனில் அதன்பின் அவர்கள் சொற்களைப் பெரும்பாலும் கைவிட்டனர்.

பின்னர் குழு மாற்றியமைக்கப்பட்டது. அக்கர்மானுடன் பிறெயின்பொக்ஸ் குழுவில் வாசித்த பியர் வான் டெர் லிண்டன் என்பவர் டிரம் வாசிக்க வந்தார். இவர் ஜாஸ் இசையில் ஊறியவர். தாளத்தை வெறும் அடித்தளமாக வைத்துக்கொள்ளாது, கிற்றாரோடும் புல்லாங்குழலோடும் உரையாடும் குரலாக அதனை ஆக்கியவர். சிரில் ஹாவர்மன்ஸ் பேஸ் கிற்றார் வாசித்தார். இந்நால்வரும் மைக் வேர்னன் என்ற ஆங்கிலத் தயாரிப்பாளரின் மேற்பார்வையில் இலண்டனில் ஒலிப்பதிவு செய்த இரண்டாவது இசைத்தட்டு 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘மூவிங் வேவ்ஸ்’, அதாவது அசையும் அலைகள், என்பது அதன் பெயர்.

அவ்விசைத்தட்டு ‘ஹொக்கஸ் பொக்கஸ்’ என்னும் படைப்போடு தொடங்குகின்றது. மந்திரவாதிகள் வித்தை காட்டும்போது உச்சரிக்கும் பொருளற்ற சொல் அது. அக்கர்மானின் கிற்றார் முழங்கும் ஓர் ஆவேசமான சிறுதொடர். அதையடுத்து டிரம் வாத்தியத்தின் மின்னல் வேகப் பொழிவு. அதன்பின் வான் லேரின் குரல். அக்குரல் பாடுவது பாடலன்று. அல்ப்ஸ் மலையில் ஆடுமாடு மேய்ப்போர் ஒரு குன்றிலிருந்து மறுகுன்றிற்கு அழைக்கும்போது, நெஞ்சுக் குரலிலிருந்து உச்சிக் குரலுக்கு ஒரு நொடியில் தாவிப் பாடுவார்கள்; அதற்கு ‘யோடல்’ என்று பெயர். மலையென்பதே இல்லாத தாழ்நிலத்தில் வாழும் ஒருவர், பயிற்சியின்போது விளையாட்டாக எழுப்பிய யோடல் ஒலியே அப்படைப்பின் உயிராக அமைந்துவிட்டது.

கேட்டவுடன் இது வெறும் வேடிக்கை என்று தோன்றும். ஆனால் அதன் அமைப்பை ஊன்றி நோக்கினால், சாஸ்திரீய சங்கீதத்திலே ‘றொண்டோ’ எனப்படும் வடிவம் அதிலே ஒளிந்திருத்தலைக் காணலாம். மோட்சார்ட், பேதோவன் ஆகியோர் பெரிதும் கையாண்ட வடிவம் அது. ஒரு முதன்மைத் தொடர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறை அது வந்து சென்றபின்னும் புதியதொரு பகுதி இடையிலே தோன்றும். ஒவ்வொரு சரணத்தின் பின்னும் பல்லவிக்கு மீளுதல் தமிழிசை கேட்போர்க்குப் பழக்கமானது. றொண்டோவின் இயல்பும் ஏறத்தாழ அத்தகையதே. ஹொக்கஸ் பொக்கஸில் கிற்றாரின் ஆவேசத் தொடரே பல்லவி. அதற்கிடையே ஒருமுறை யோடல், ஒருமுறை புல்லாங்குழல், ஒருமுறை சீழ்க்கை, ஒருமுறை அக்கோடியன், ஒருமுறை பொருளற்ற அசைகளின் பொழிவு என ஒவ்வொன்றாக வந்து செல்கின்றன. இருநூறாண்டுப் பழைய வடிவம் ஒன்று சிரித்துக்கொண்டே புதிய காலத்தினுள் நுழைந்துவிடுகின்றது. கேட்போர் அதனை அறிவதுமில்லை, அறிய வேண்டிய தேவையுமில்லை.

இசைத்தட்டின் மறுபக்கம் முழுவதும் ‘இரப்ஷன்’ என்னும் ஒரே படைப்பு. இருபத்துமூன்று நிமிடங்கள் நீள்வது. ஓர்ஃபியஸ் என்ற பழங்கிரேக்க இசைவாணன், இறந்த மனைவி யூறிடிசியை மீட்கப் பாதாள உலகம் சென்ற கதையே அதன் கரு. ஐரோப்பாவில் இசைநாடகம் என்ற கலை பிறந்த காலத்தில் அக்கலைஞர்கள் விரும்பி எடுத்தாண்டதும் இக்கதையே. 1600ஆம் ஆண்டில் பேரி என்பாரும் 1607இல் மொன்டெவேர்டியும் இதனை இசைநாடகமாக ஆக்கினர். ஃபோகஸ் குழுவினர் அக்கதையைச் சொல்லால் உரைக்கவில்லை. ஒர்கனின் ஆழ்ந்த ஒலி ஓர்ஃபியஸின் துயராகின்றது. கிற்றார் அதற்கு விடை பகர்கின்றது. இடையிலே ‘சொலூஷன்’ என்ற மற்றொரு ஒல்லாந்துக் குழுவைச் சேர்ந்த டொம் பார்லாகே இயற்றிய ‘டொமி’ என்னும் மெட்டு நெஞ்சை உருக்கும் வகையில் எழுந்து அடங்குகின்றது. டிரம் வாத்தியம் தனித்து முழங்கும் நீண்ட பகுதியும் உண்டு. அப்பகுதி சற்று மிகையானதென்று கருதுவோரும் உளர்; அக்கருத்தை முற்றாக மறுத்தற்கில்லை.

அவ்விசைத்தட்டிலே சொற்கள் அமைந்த பாடல் ஒன்றே ஒன்று. தட்டுக்குப் பெயர் தந்த ‘மூவிங் வேவ்ஸ்’ என்பதே அப்பாடல். அதன் சொற்கள் இனாயத் கான் எழுதியவை. பரோடாவிலே 1882ஆம் ஆண்டில் பிறந்து, வீணைக் கலைஞராக விளங்கி, மேனாடு சென்று சூபி நெறியைப் பரப்பியவர் அவர். சொற்களைக் கைவிட்ட ஒல்லாந்து இளைஞர்கள் விதிவிலக்காக ஏற்றுக்கொண்ட சொற்கள், இசையைத் தெய்வ வழிபாடாகக் கொண்ட ஓர் இந்தியக் கலைஞருடையவை என்பது எண்ணத்தக்கது.

ஹாவர்மன்ஸ் விலகியபின் பேர்ட் றைட்டர் பேஸ் கிற்றார் வாசிக்க வந்தார். 1972ஆம் ஆண்டில் ‘ஃபோகஸ் மூன்று’ என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ‘சில்வியா’ என்ற படைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டில், ஷாஃபியின் அரங்கக் குழுவில் இருந்த சில்வியா அல்பேர்ட்ஸ் என்ற பாடகிக்காக வான் லேர் சொற்களோடு கூடிய பாடலாக அம்மெட்டை அமைத்திருந்தார். அப்பாடல் அவர் வாயிலாக உலகை அடையவில்லை. ஆண்டுகள் சில சென்றபின், சொற்களை நீக்கிவிட்டு, பாடகி பாடவேண்டிய மெட்டை அக்கர்மானின் கிற்றாரிடம் ஒப்படைத்தார் வான் லேர். பாடலாகப் பிறந்து கேட்பாரற்றுக் கிடந்த மெட்டு, பேசாத நரம்பின் வழியே பேசத் தொடங்கியது. 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது நான்காம் இடத்தை அடைந்தது. அதே காலத்தில் ஹொக்கஸ் பொக்கஸும் அப்பட்டியலில் இருபதாம் இடத்தைப் பெற்றது. அவ்வாண்டில் அமெரிக்காவில் அது ஒன்பதாம் இடத்தை எட்டியது. ‘மெலடி மேக்கர்’ என்ற ஆங்கில இசைப் பத்திரிகையின் வாசகர்கள் 1973இல் அக்கர்மானைத் தலைசிறந்த கிற்றார்க் கலைஞராகத் தெரிவுசெய்தனர். ஆங்கிலத்திற் பாடி ஆங்கிலேயரைக் கவர முயன்ற குழுக்கள் பல இருக்க, பாடாமலே அவர்களைக் கவர்ந்தது இக்குழு.

மூன்று மரபுகளும் இவர்களிடத்தே எவ்வாறு இணைந்தன என்பதைச் சற்று விளக்குதல் தகும். தமிழிசை கேட்போர் ஒற்றை மெட்டிசையிலே பழகியவர்கள்; ஒரு குரல் முன்செல்ல ஏனையவை அதனைப் பின்தொடர்வதே அம்மரபு. மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்திலோ இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே காலத்தில், ஒன்றையொன்று துரத்தியும் தழுவியும் செல்லும். அதன் உச்ச வடிவம் ‘ஃபியூக்’ எனப்படும். அதில் மேதையாக விளங்கியவர் பாஹ். வான் லேரின் ஒர்கன் இம்மரபிலிருந்து பேசியது. ஜாஸ் இசையோ, எழுதிவைத்ததை விட்டு அந்த நேரத்துக் கற்பனையை நம்புவது, மனோதர்மத்தோடு ஒப்பிடத்தக்கது. அதனை வான் டெர் லிண்டனின் டிரம் வழங்கியது. றொக் இசை இவ்விரண்டிற்கும் உடல்வலிமையை அளித்தது. ஃபோகஸ் மூன்றில் உள்ள ‘கார்னிவல் ஃபியூக்’ என்ற படைப்பைக் கேட்போர், பழைய ஃபியூக் மரபின் அமைதியிலிருந்து திருவிழா ஆட்டத்திற்கு இசை நழுவிச் செல்லுதலை உணர்வர். மரபு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தைக் காட்டுமாறு கேட்டால், விரல்வைத்துக் காட்டுதல் கடினம். இணைப்பு உண்மையானது என்பதற்கு அதுவே அடையாளம்.

1973இல் வான் டெர் லிண்டன் குழுவிலிருந்து விலகினார். கொலின் அலன் என்ற ஆங்கிலேயர் அவ்விடத்தில் அமர்ந்தார். 1974ஆம் ஆண்டில் ‘ஹம்பேர்கர் கொன்சேட்டோ’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. இருபது நிமிடம் நீளும் அதன் தலைமைப் படைப்பு, ஹைடனின் மெட்டு எனக் கருதப்பட்டதொன்றின்மீது பிறாம்ஸ் 1873இல் ஆக்கிய மாற்றுருக்களை அடியாகக் கொண்டது. பிறாம்ஸும் பிறர் மெட்டொன்றை எடுத்தே தம் படைப்பை வளர்த்தார் என்பதை இங்கே கருதல் வேண்டும். கடன் பெறுதல் குறையன்று. பெற்ற கடனை என்ன செய்தார் என்பதே கேள்வி. பிறாம்ஸ் ஹம்பேர்க் நகரிலே பிறந்தவர். தலைப்பிலுள்ள சொல்லோ இறைச்சிப் பண்டத்தையும் குறிக்கும். படைப்பின் பகுதிகள் பலவற்றுக்கும் இறைச்சி வேகும் பக்குவங்களின் பெயர்களைச் சூட்டி நகையாடினர்.

அந்த நகைப்புக்கிடையே ஆழமான கணம் ஒன்று உண்டு. படைப்பின் இறுதியை நெருங்கும்போது வான் லேர் சொற்களோடு பாடுகின்றார். அச்சொற்கள் ஆங்கிலமல்ல, டச்சு மொழிச் சொற்கள். பதினேழாம் நூற்றாண்டில் அம்ஸ்டர்டாம் நகரத்து நாடகாசிரியர் வொன்டெல் இயற்றிய நாடகத்தில் வரும் நத்தார் இரவைப் பற்றிய பழம்பாடல் அது. அதே தட்டிலே, யோகிம் வான் டென் ஹோவ என்பார் 1612ஆம் ஆண்டில் வெளியிட்ட லூட் இசைத் தொகுப்பிலிருந்து ஒரு சிறு துண்டை அக்கர்மான் லூட்டிலும் வான் லேர் குழலிலும் வாசிக்கின்றனர். அயல்மொழியைத் துறந்து, சொல்லையே துறந்து, உலகெங்கும் சென்று புகழ் பெற்றவர்கள், அப்புகழின் உச்சியில் நின்று தம் சொந்த மொழியின் பழம்பாடலைப் பாடினர். முதல் இசைத்தட்டில் அவர்களால் அது இயன்றிராது. தமது குரல் எது என்று அறிந்தபின்னரே தாய்மொழிக்குத் திரும்பும் துணிவு வந்தது போலும்.

அந்த உச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மதர் ஃபோகஸ்’ என்ற இசைத்தட்டிலே சிறு சிறு படைப்புகளே காணப்பட்டன. முன்னைய நீண்ட கட்டுமானங்கள் மறைந்துவிட்டன. வான் லேருக்கும் அக்கர்மானுக்கும் இடையே வேற்றுமை முற்றியது. 1976இல் அக்கர்மான் விலகினார். பெல்ஜிய நாட்டு ஜாஸ் கலைஞர் பிலிப் கதறின் கிற்றார் வாசிக்க வந்தார். அவரும் திறமை மிக்கவரே. எனினும் 1978ஆம் ஆண்டில் குழு கலைந்தது.

பிரிவின் பொருளை உணர, அவ்விருவரும் தனித்தனியே ஆக்கியவற்றைக் கேட்டல் வேண்டும். வான் லேர் 1972இல் ‘இன்ட்றொஸ்பெக்ஷன்’ என்ற தட்டை வெளியிட்டார். றோகியர் வான் ஒட்டர்லோ அமைத்த இசைக்குழுவின் துணையோடு புல்லாங்குழல் ஒலிக்கும் அத்தட்டு ஒல்லாந்து வீடுகளில் பெருவரவேற்புப் பெற்றது. அழகு நிறைந்தது, ஆனால் அங்கே எதிர்த்து வினவுவார் எவருமிலர். அக்கர்மான் 1973இல் வெளியிட்ட ‘டாபர்னாகல்’ என்ற தட்டிலே, ஆங்கில லூட் மேதை ஜோன் டவுலண்டின் படைப்புகள் இடம்பெற்றன. அங்கும் கைவண்ணம் வியக்கத்தக்கது. ஆனால் சிரிக்கவைப்பார் எவருமிலர். சேர்ந்திருந்தபொழுது ஒருவருடைய ஒழுங்கு மற்றவருடைய ஆவேசத்தைத் தாங்கி நின்றது. ஒருவருடைய விளையாட்டு மற்றவருடைய தவத்தை இளக்கியது. உராய்வினாலே பிறந்த தீ, உராய்வு பொறுக்க முடியாததானபோது அணைந்தது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. இசைக்குழுக்கள் பலவற்றின் வரலாறு இத்தகையதே எனினும், இவர்களிடத்தே அது மிகத் தெளிவாகத் தெரிகின்றது.

1985ஆம் ஆண்டில் இருவரும் மீண்டும் கூடி ஒரு தட்டு வெளியிட்டனர். பழைய வேகம் அதிலே அமையவில்லை. 2002இல் வான் லேர் புதிய கலைஞர்களைச் சேர்த்துக் குழுவைப் புதுப்பித்தார். 2004இல் வான் டெர் லிண்டன் மீண்டும் டிரம் வாசிக்க வந்தார். அதன்பின்னும் புதிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஹொக்கஸ் பொக்கஸோ தனக்கெனத் தனி வாழ்வு பெற்றுவிட்டது. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்தாட்டப் போட்டியை ஒட்டி வெளியான ஒரு விளம்பரப் படத்திலும், 2017இல் வெளியான ‘பேபி டிறைவர்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்திலும் அது ஒலித்தது. இயற்றியவர் பெயரையோ நாட்டையோ அறியாத இளந்தலைமுறையினரும் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர்.

ஃபோகஸ் குழுவினரை மொன்டெவேர்டிக்கோ பிறாம்ஸுக்கோ நிகராக வைத்தல் மிகையாகும். அவர்களும் அவ்வாறு உரிமை பாராட்டியதில்லை. நீண்ட படைப்புகள் சிலவற்றிலே தளர்ச்சி உண்டு. நகைச்சுவை சில இடங்களில் அளவு கடந்ததும் உண்டு. ஆயினும், சிறிய மொழியொன்றைப் பேசும் மக்கள் பெரிய மொழியொன்றின் நிழலிலே நின்று கலை வளர்க்க நேரும்போது, பிறரைப் போலப் பேசுதல், வாய்மூடி இருத்தல் என்னும் இரண்டைத் தவிர வேறு வழி இல்லை என்று சோர்வுறுதல் உண்டு. மூன்றாவது வழியும் உண்டென்பதை அம்ஸ்டர்டாம் இளைஞர்கள் காட்டினர். அயலார் மரபையும் இலக்கணத்தின் அடிவரை சென்று கற்றால், அதிலிருந்தே தமக்குரிய குரலைப் படைக்கலாம். அக்குரல் உறுதிப்பட்டபின் தாய்மொழிப் பாடலையும் கூச்சமின்றி உலகின் முன் பாடலாம். வாய்ப்புக் கிடைக்கும்போது நேயர்கள் ‘சில்வியா’வை முதலிலும், ‘இரப்ஷ’னை அதன்பின்னும் அமைதியாக அமர்ந்து கேட்பார்களாயின், இங்கே சொல்லால் விளக்க முயன்றதைச் சொல்லின்றியே உணர்ந்துகொள்வர்.